ஏரிக்குள் போன தொண்ணூறு வீதம்

தொண்ணூறு வீதம் என்பது பச்சைப் பொய். எண்பது. அதற்கு மேல் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கணக்குப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் சிசிலியின் பலெர்மோவில் மாதிரிப் படகு ஓட்டுகிற எந்தக் கிழவனைக் கேட்டாலும் தொண்ணூறு என்றுதான் சொல்வான். எங்கள் வீட்டுக்குள்ளும் தொண்ணூறு என்றே சொல்ல வேண்டும் என்பது அத்தானின் கட்டளை.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். அவர் வேலை செய்த வீட்டுக்காரர் ஒரு வழக்கறிஞர். இத்தாலியர் அவரை அவொக்காத்தோ என்பார்கள். அதே சொல் எந்தக் காலத்திலோ கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து அப்புக்காத்து ஆகிவிட்டதால், எங்கள் வீட்டில் அவர் அப்புக்காத்தர். அத்தான் காலையில் அங்கே போய்த் தரை துடைத்து, சமைத்து, சட்டைகளுக்கு அயன் போட்டுவிட்டு, மாலையில் பலாரோச் சந்தையின் மீன் நாற்றத்துக்கு நடுவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்புவார். பதிவில்லாத வேலை. வேலை செய்கிறார் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அக்கா கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அம்மா இத்தாலிக்கு வந்து என்னைக் கூப்பிட்ட நேரம் அக்கா, பிள்ளை என்று கூப்பிடக்கூடிய வயதைக் கடந்துவிட்டாள். அம்மாவின் பேப்பரில் அவளுக்கு இடமில்லை. கலியாணம் முடித்துவிட்டு இங்கே வந்த அத்தான்தான் அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்குப் பதிவு செய்த வேலை வேண்டும். அதற்கு அப்புக்காத்தர் ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு கையெழுத்து. நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டே சம்பாதிக்கிற மனிதர். கேட்டால் “திங்கட்கிழமை” என்பார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்ல மாட்டார்.

இடைக்கிடை பொலிஸ் வந்து லொட்ஜில் இருக்கிற தமிழ்ப் பெட்டைகளை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய், விசாரித்துவிட்டு மறுநாள் விடும். தொலைபேசியில் அக்கா அதைப் பகிடி மாதிரிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாட்களில் அத்தான் சாப்பிட மாட்டார்.

இனிப் படகு. அப்புக்காத்தருக்கு மனைவி, வழக்குகள், கடவுள் எல்லாம் அதற்குப் பிறகுதான். கை நீளத்துக்குச் சிவப்பு நிறத்தில் ஒன்று. உள்ளே ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், பின்னால் இரண்டு இதழ் விசிறி. மலைக்கு மேலே பியானா ஏரியில் இவரைப் போலக் கொஞ்சப் பேர் கூடி, கரையில் நின்று ரேடியோவால் ஓட்டுவார்கள். விசிறியை எல்லோரும் கடையில் வாங்குவார்கள். இவர் வாங்கிய விசிறியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இதழ்களை வளைத்து, அரத்தால் அராவி, அராவி, தன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஆக்கிவிட்டார். மேசைக்குக் கீழே கொட்டிய வெண்கலத் தூளை அத்தான் கூட்டினார்.

அந்த விசிறியின் வினைத்திறன் எவ்வளவு என்று அப்புக்காத்தருக்கு அறிய ஆசை. உடனே அத்தான் என்னை விற்றுவிட்டார். மச்சான் யூனிவர்சிட்டியில் பொறியியல் படிக்கிறான், அவன் கணக்குப் பார்ப்பான் என்றாராம். நான் அப்போது இரண்டாம் வருடம். ஒரு மாதிரிப் படகைத் தொட்டதும் இல்லை. அதற்கென்ன, என் வாய்க்கு எப்போதும் குறைவில்லை. முடியும் என்றேன்.

விஷயம் சின்னது. விசிறி ஒரு திருகாணி. மரத்துக்குள் திருகாணி போவது போலத் தண்ணீருக்குள் போனால், இவருடைய விசிறி ஒரு சுற்றுக்கு ஏழரை சென்ரிமீற்றர் முன்னே போக வேண்டும். ஆனால் தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். எவ்வளவு வழுக்குகிறது என்று பார்க்க இரண்டு இலக்கம் போதும். படகின் வேகம் ஒன்று, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மற்றது. கறாராகப் பார்த்தால் வழுக்காத பங்கு வேறு, வினைத்திறன் வேறு. அதை அப்புக்காத்தருக்கு விளக்கினேன். கொட்டாவி விட்டார்.

ஓடுகிற படகுக்குள் போய் யார் சுற்றை எண்ணுவது? நான் சத்தத்தில் பிடித்தேன். இந்த எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வெடிக்கும். ஆகவே அது போடுகிற ஊளை என்ன சுரம் என்று தெரிந்தால், சுற்றும் தெரிந்துவிடும். இன்னொன்று, சைரன் போட்டபடி எங்களைக் கடந்து போகும் அம்புலன்ஸின் சத்தம் கடந்ததும் இறங்குமே, அது போலப் படகின் சத்தமும் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதிலிருந்து வேகம் வரும். ஏரிக்கரையில் ரேப் றெக்கோடரை வைத்துப் படகைப் பல தரம் குறுக்கே ஓட வைத்தேன். பிறகு சுரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கீபோர்ட் வேண்டும். தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசையில் பாடுகிற அன்ரியிடம் இருந்தது. அவர்தான் வாசிப்பார், அவர்தான் பாடுவார். ஒரு கிழமைக்குக் கேட்டு வாங்கினேன்.

ரேப்பைப் போட்டுப் போட்டு, கட்டைகளை அழுத்தி அழுத்தி, ஒத்துவரும் வரை இருந்தேன். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால் படகு கடக்கும்போது சத்தம் சரியாக இரண்டு கட்டை இறங்கியது. வேகம் மணிக்கு எழுபத்தொரு கிலோமீற்றர். நடுச் சுரத்தின்படி எஞ்சின் நிமிடத்துக்குப் பதினேழாயிரத்து அறுநூறு சுற்று. அந்தச் சுற்றுக்கு, வழுக்கவே இல்லையென்றால் படகு எழுபத்தொன்பது போயிருக்க வேண்டும். ஆகவே பத்து வீதம் வழுக்கல், தொண்ணூறு வீதம் முன்னே.

அப்புக்காத்தர் என் நெற்றியில் முத்தமிட்டார். உண்மையாக. சிகரெட் நாற்றத்தோடு. உடனே கிளப்பில் உள்ள எல்லோருக்கும் ஃபோன் எடுத்தார். அடுத்த நாளே, இப்படிப்பட்ட விசிறிக்குப் பழைய எஞ்சின் அவமானம் என்று புதிதாக ஒன்று வாங்கினார். பெட்டியில் இருபத்திரண்டாயிரம் சுற்று என்று போட்டிருந்தது. அவரே பெருக்கினார். வழுக்காமல் தொண்ணூற்றொன்பது, அதில் தொண்ணூறு வீதம் எண்பத்தொன்பது.

“அடுத்த கிழமை ஞாயிறு ஓட்டம். அடுத்த நாள் திங்கள், என் அலுவலகத்துக்கு வா. உன் ஒப்பந்தத்தை முடிப்போம்” என்று அத்தானிடம் சொன்னார். முதல் தடவையாகத் திங்கட்கிழமைக்கு ஒரு முகவரி கிடைத்தது. அத்தான் அன்றைக்கே அக்காவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

அந்தக் கிளப்பின் வருடக் கடைசி ஓட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. படகைத் தண்ணீரில் விடமுன் ஒவ்வொருவரும் தன் வேகத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன இலக்கத்துக்குக் கிட்ட ஓடியவர்களுக்குக் கைதட்டு. எட்டாமல் விழுந்தவருக்கு அந்த இலக்கமே பெயர். ஒரு பல் வைத்தியர் முந்திய வருடம் எழுபது என்று சொல்லி மிகக் கீழே ஓடியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் பெயர் ‘எழுபது’. அதைத் தொடக்கி வைத்ததே அப்புக்காத்தர். தெருவில் கண்டாலும் “சாவ், எழுபது” என்றுதான் வணக்கம் சொல்வார்.

ஓட்டத்துக்கு முந்திய ஞாயிறு, பூசை தொடங்கமுன் அன்ரி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்சை வா. கொண்டு போன இடத்திலை இந்த ஆணியைத் தட்டினனியோ?”

கீபோர்ட்டின் பின்பக்கம் நகம் அளவில் ஒரு தள்ளு சுவிட்ச்.

“எந்த ஆணி? நான் இதைக் காணவே இல்லை.”

“எனக்கு வெள்ளைக் கட்டையிலை மட்டும்தான் வாசிக்க வரும். ஆனா என்ரை குரல் மேலை. அதாலை இதை ரெண்டு ஏத்தி விட்டிருக்கிறன். விரல் அதே இடம், சத்தம் ரெண்டு கட்டை கூட.” குனிந்து பார்த்தார். “நல்ல காலம், அசையேல்லை.”

“எப்ப ஏத்தினீங்கள்?”

“போன பாஸ்காப் பெருநாளுக்கு. ஏன்ரா முகம் இப்பிடிப் போகுது? பாவசங்கீர்த்தனத்துக்கு நிக்கப் போறியோ? ஃபாதர் அங்கை இருக்கிறார், ஓடு.”

பூசை முழுக்க நான் கணக்குத்தான் பார்த்தேன். வேகம் பிழைக்கவில்லை. எந்தச் சுருதியில் வைத்தாலும் இரண்டு கட்டை இரண்டு கட்டைதான். சுற்றுத்தான் பிழை. நான் அழுத்திய கட்டை ஒன்று, கேட்ட சுரம் அதைவிட இரண்டு மேலே. உண்மைச் சுற்று ஏறக்குறையப் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. அதற்கு வழுக்காமல் எண்பத்தொன்பது போயிருக்க வேண்டும், போனது எழுபத்தொன்று. ஆக எண்பது வீதம். அப்புக்காத்தர் அராவி அராவிக் கண்டுபிடித்தது கடையில் தூங்கும் எந்த விசிறியும் செய்கிற வேலை. புதிய எஞ்சினோடும் எழுபத்தொன்பதுக்கு மேல் வராது. அடுத்த ஞாயிறு அவர் பெயர் ‘எண்பத்தொன்பது’. உலகத்தில் எந்தப் பொறியியல் மாணவனுக்காவது இப்படி ஒரு வழு வருமா? தேவாலயக் கீபோர்ட்டில், வெள்ளைக் கட்டை மட்டும் வாசிக்கிற அன்ரியால்?

வெளியே சந்தைக்குள்ளால் நடக்கும்போது அத்தானுக்குச் சொன்னேன்.

“அத்தான், தொண்ணூறு இல்லை. எண்பது.”

“என்ன எண்பது?”

“விசிறி. அன்ரி சுவிட்சை ஏத்தி வைச்சிருக்கிறா.”

“விசிறிக்கும் அன்ரிக்கும் என்னடா? வெறியோ?”

ஒரு கத்தரிக்காய்க் கடையின் முன்னால் நிறுத்தி முழுக்க விளக்கினேன். அத்தான் ஒரு கத்தரிக்காயை எடுத்து அமுக்கிக்கொண்டே கேட்டார்.

“ஆருக்கும் சொன்னனியோ?”

“இன்னும் இல்லை.”

“அப்ப சொல்லாதை. திங்கள் கையெழுத்து.”

“திங்களுக்கு முந்தி ஞாயிறு வருமே. எல்லாற்றை முன்னுக்கும் எண்பத்தொன்பது எண்டு கத்திப்போட்டு எழுபத்தொன்பதிலை ஓடினா, அவையள் சிரிப்பினம். அந்தச் சிரிப்போடை வீட்டை போற மனுசன் உங்களுக்குக் கையெழுத்துப் போடுவாரோ?”

கடைக்காரன் கத்தரிக்காயைப் பிசையாதே என்று சிசிலியனில் கத்தினான். அத்தான் அதைத் திரும்ப வைத்தார்.

“நீ படிச்சனியல்லோ. எண்பதைத் தொண்ணூறாக்க ஒரு வழி சொல்லன்.”

“தண்ணிக்குப் படிப்பு விளங்காது, அத்தான்.”

அவர் சொல்ல வேண்டாம் என்றார். நான் செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னேன். முன்கூட்டியே தெரிந்தால் அப்புக்காத்தர் குறைந்த இலக்கத்தைச் சொல்லுவார், மானம் தப்பும், கையெழுத்தும் தப்பும். அப்படித்தான் என் மூளை வேலை செய்தது. வழக்கறிஞரின் மூளை எப்படி வேலை செய்யும் என்று எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

“இன்ஜெனியேரே! வா, வா” என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், என்ஜினியர் என்று.

“அவொக்காத்தோ, கணக்கில் ஒரு திருத்தம்.”

“மேலேயா, கீழேயா?”

“கீழே. பத்து.”

அவர் விசிறியை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “போன கிழமை நீ என்ஜினியர். இந்தக் கிழமை என்ன நடந்தது? காதலா?”

சுவிட்ச் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கோர்ட்டில் ஒரு சாட்சி வந்து தன் முதல் வாக்குமூலத்தை மாற்றினால் நான் என்ன சொல்வேன் தெரியுமா? முதலாவதுதான் உண்மை. இரண்டாவதை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் அனுப்பியது உன்னை? எழுபதா?” குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார். “உன் மச்சானுக்கு ஒரு கோப்பி கொடு! பையன் பயந்துவிட்டான்.”

அத்தான் கோப்பியோடு வந்தார். என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“அன்ரியின்ரை பெட்டிக்குச் சுவிட்ச் இருக்கு. உன்ரை வாய்க்கு ஒண்டு இல்லையோ?”

“உண்மையைத்தானே சொன்னன்.”

“ஓம், உண்மை. லொட்ஜுக்கு ட்ரக் வரேக்கை கொக்காவை அதைச் சொல்லச் சொல்லுறன். ‘ஐயா, என்ரை தம்பி கணக்கிலை சுத்தம், என்னை ஏத்தாதேங்கோ.’”

கோப்பியைக் குடித்தேன். சீனி போடாமல் தந்திருந்தார்.

ஞாயிறு வந்தது. பியானா ஏரியில் குளிர் காற்று. கிழவர்கள் மடக்குக் கதிரைகளில், தொப்பியும் சால்வையுமாக. ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக இலக்கத்தைச் சொன்னார்கள். எல்லோரும் பயந்து குறைத்துக் குறைத்துச் சொன்னார்கள். பல் வைத்தியர் ஐம்பது என்றார். எங்கள் முறை வந்தது.

“எண்பத்தொன்பது!” என்றார் அப்புக்காத்தர்.

கரை முழுக்க ஓவென்றது. மற்றவர்களைவிடப் பலமாகக் கை தட்டியவர் பல் வைத்தியர். ஒரு வருடம் காத்திருந்த கைகள்.

படகைத் தயார் செய்து தண்ணீரில் விடுவது அத்தானின் வேலை. எஞ்சினை முறுக்குவது, எண்ணெய் ஊற்றுவது, கடைசியாக விசிறியைப் பிடிக்கிற நட்டை ஸ்பானரால் இறுக்குவது. நான் அவருக்குப் பக்கத்தில் குந்தி இருந்தேன். அத்தான் ஸ்பானரை நட்டில் வைத்தார். முழங்கை அசைந்தது, முகம் இறுகியது, பார்த்தவர்களுக்கு அவர் பலம் முழுவதையும் போட்டு இறுக்குவது போலவே இருந்தது. நட்டு அசையவில்லை. பிறகு ஒரு தரம் அசைந்தது, மற்றப் பக்கத்துக்கு. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார். ஸ்பானரைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் படகைத் தள்ளி விட்டார்.

சிவப்புப் படகு ஒரு வட்டம் போட்டுச் சூடேறித் திரும்பியது. நேரம் பிடிக்கிற கோட்டை நோக்கி முழு வேகத்தில் வந்தது. அழகாகத்தான் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சினின் ஊளை சட்டென்று மேலே ஏறியது. பிடிக்கத் தண்ணீர் இல்லாத எஞ்சின் அலறியது. அப்புக்காத்தர் விசையை மூடினார். படகு வழுக்கி வந்து நின்று, ஒரு செருப்பைப் போல ஏரியில் ஆடியது.

அத்தான் சின்ன வள்ளத்தில் போய் அதை எடுத்து வந்தார். பின்னால் வெறும் தண்டு. விசிறி ஏரியின் அடியில்.

அப்புக்காத்தர் சேற்றில் முழங்காலில் நின்று அந்தத் தண்டைத் தொட்டார். பிறகு எழும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “எண்பத்தொன்பதில் வந்துகொண்டிருந்தது. விசிறிக்கு அவ்வளவு பலம், நட்டுத் தாங்கவில்லை. கேட்டீர்கள்தானே? இன்ஜெனியேரே, நீ கேட்டாய். உன் காதுக்குத் தெரியும். சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காதுக்குத் தெரிந்தது அதிகபட்சம் எழுபத்தெட்டு. அத்தான் படகை மார்போடு அணைத்துக்கொண்டு, செத்த வீட்டு முகத்தோடு, தமிழில் மெதுவாகச் சொன்னார்:

“ஓம் எண்டு சொல்லு.”

“சீ, அவொக்காத்தோ” என்றேன், இத்தாலியனில் அதுதான் ஓம். “எண்பத்தொன்பது.”

பல் வைத்தியர்கூடத் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பும் வழியில் அப்புக்காத்தர் கார் ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்னால், எங்கள் நடுவில் படகு.

“நட்டைக் கழட்டினீங்கள்” என்றேன்.

“முகத்தைச் சோகமா வை. கண்ணாடியிலை பாக்கிறார்.”

“கழட்டினீங்களோ, இல்லையோ?”

“இறுக்கேல்லை. கழட்டுறது வேறை, இறுக்காமல் விடுறது வேறை.”

“நீங்களும் அப்புக்காத்து ஆகீட்டியள்.”

“ஆரோ ஒருத்தர் ஆகத்தானே வேணும். நீ என்ஜினியர் ஆகி என்னத்தைக் கிழிச்சனி?”

அப்புக்காத்தர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார், பையன் என்ன சொல்கிறான் என்று. அத்தான் கண்ணிமைக்காமல் இத்தாலியனில் சொன்னார்: “விசிறியை நினைத்து வருத்தப்படுகிறான், அவொக்காத்தோ.” அப்புக்காத்தர் ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். கண் கலங்கி இருந்தது. எனக்குக் காரிலிருந்து குதிக்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். துக்கத்தில் இருக்கிற மனிதன் தாராளமாக இருப்பான் போல. அந்த விசிறி இனி எந்த ஓட்டத்திலும் தோற்காது, எந்தக் கணக்காலும் அதைத் தொட முடியாது. அவர் சாகும்வரை தொண்ணூறு.

அக்கா வந்தாள். விமான நிலையத்தில் அத்தான் அழுத அழுகையில் அவர் மேல் இருந்த கோபத்தை நான் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஆனால் அது அதிக காலம் தள்ளி நிற்கவில்லை. அப்புக்காத்தரின் மனைவியான சின்யோரா தனக்கு முதுகு வலி என்றார். அக்கா பாதி நாள் அங்கே போய் உதவட்டும் என்றார். இப்போது அத்தான் தரை துடைக்க, அக்கா அலுமாரி துடைக்கிறாள். அலுமாரியில் சிவப்புப் படகு. அத்தானுக்கு ஒப்பந்தம் உண்டு, அக்காவுக்கு இல்லை. அவளுக்கும் ஒன்று எழுதலாமா என்று அத்தான் கேட்டார். அப்புக்காத்தர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே சொல்லிக்கொள்ளலாம், வாரத்தில் ஏழு நாள்தானே இருக்கிறது.

போன கிழமை அத்தான் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“அந்தாள் புது விசிறி ஒண்டு அராவுறார். நீ வந்து பாக்க வேணுமாம்.”

“நான் வரேல்லை.”

“கொக்காவின்ரை கொந்தராத்திலை அந்தாள் கையெழுத்துப் போட வேணும்.”

“வந்தா உள்ளதைத்தான் சொல்லுவன், அத்தான்.”

“ஓம், உள்ளதைச் சொல்லு. உன்னை ஆர் பொய் சொல்லச் சொன்னது? கீபோர்ட் என்ன காட்டுதோ அதைச் சொல்லு.” போகத் திரும்பினார். “அன்ரியிட்டைக் கேட்டிட்டன். இன்னும் ரெண்டிலைதான் இருக்காம்.”

சனிக்கிழமை போய்க் கீபோர்ட்டைத் தூக்கி வந்தேன். சுவிட்ச் இரண்டில்தான் நின்றது. நான் தொடவில்லை.